அசீரியரின் காவல் ஆவிகள்: ஓர் எளிய அறிமுகம்

கழுகுத் தலை, மனித உடல், முதுகில் சிறகு. ஒரு கையில் சின்ன வாளி, மறு கையில் பைன் மரக் காய் போல ஏதோ ஒன்று. மணிக்கட்டில் வட்டமாக ஒரு பூ. இந்தக் கற்சிற்பத்தின் படத்தை யூடியூபிலோ வாட்ஸ்அப்பிலோ நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். "3000 ஆண்டுகளுக்கு முன்பே கைக்கடிகாரம்", "வேற்றுக்கிரகவாசியின் கைப்பை", "இவர்தான் அனுனாக்கி" என்றெல்லாம் தலைப்பு போட்டுப் பரப்புகிறார்கள். மனிதத் தலை கொண்ட சிறகுக் காளையைக் காட்டி "அசீரியர் கும்பிட்ட கடவுள்" என்கிறார்கள். பசூசு என்ற கோர உருவமோ நேராகச் சாத்தான் ஆகிவிட்டது. 1973-இல் வந்த ஒரு ஹாலிவுட் பேய்ப் படத்துக்குப் பிறகு அந்தப் பெயர் உலகம் முழுக்க அப்படித்தான் பதிந்துபோனது.

மூன்றுமே தவறு. இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. இந்த உருவங்கள் எதற்கு என்பதை அவற்றைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த உருவத்தை எந்தப் பொருளில் செய்வது, அதன் கையில் என்ன இருக்க வேண்டும், வீட்டில் எந்த இடத்தில் வைப்பது என்பதுவரை களிமண் பலகைகளில் குறிப்பு இருக்கிறது. அதைப் படித்துவிட்டால் வேற்றுக்கிரகத்துக்குப் போக வேண்டிய அவசியமே வராது.

முதலில் இடமும் காலமும். அசீரியா என்பது இன்றைய ஈராக்கின் வடபகுதியில், டைக்ரிஸ் ஆற்றை ஒட்டிய நாடு. அதன் பழைய தலைநகர் அஷுர். கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் கல்ஹு (இன்றைய நிம்ருத்) தலைநகர் ஆனது. பிறகு தூர்-ஷருகின் (இன்றைய கோர்சாபாத்), அப்புறம் நினிவே. கி.மு. 612-இல் நினிவே வீழ்ந்தது. நாம் பார்க்கப்போகும் சிற்பங்களும் பலகைகளும் பெரும்பாலும் கி.மு. 9 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரையிலானவை.

தீமை எந்த வழியாக வருகிறது?

மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொசு வராமல் இருக்க என்ன செய்கிறோம்? அது எந்த வழியாக வரும் என்று பார்க்கிறோம். கதவு, ஜன்னல், குளியலறைச் சாக்கடை. ஒவ்வொரு வழிக்கும் ஏற்ற தடுப்பை வைக்கிறோம். ஜன்னலுக்கு வலை, சாக்கடைக்கு மூடி, கட்டிலுக்குக் கொசுவலை. ஒரு வழியை விட்டுவிட்டாலும் மற்ற எல்லாம் வீண்.

அசீரியர் தீமையை ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார்கள். நோய், குழந்தைச் சாவு, காரணம் தெரியாத பயம், திடீர்ப் பக்கவாதம் எல்லாம் வெளியிலிருந்து நடந்து வருபவை. தீமைக்குக் கால் உண்டு. வீட்டைக் காக்கும் ஒரு முக்கியச் சடங்கின் பெயரே "மனிதனின் வீட்டிலிருந்து தீமையின் காலடியைத் தடுப்பது" என்பதுதான். தீய ஆவிகளை ஓட்டும் பழைய மந்திரங்களில், அவை பாம்பைப் போல் கதவிடுக்கில் ஊர்ந்து வரும், காற்றைப் போல் கதவுக் குடுமியின் வழியே வீசும், தாழ்ப்பாளால் அவற்றைத் தடுக்க முடியாது என்று வருகிறது.

தாழ்ப்பாளுக்கு அடங்காததை எது தடுக்கும்? அதே வகையைச் சேர்ந்த, அதைவிட வலுவான ஒன்று. அதுதான் காவல் ஆவி. வாசற்படி, ஜன்னல், படுக்கை, கழிவறை என்று வீட்டின் ஒவ்வொரு திறப்புக்கும் ஆபத்தான இடத்துக்கும் பொருத்தமான ஓர் ஆவியைக் காவலுக்கு நிறுத்துவார்கள். நிறுத்திவைக்கும் வேலையைச் செய்பவர் ஆஷிப்பு. ஆஷிப்பு என்றால் மந்திரம், சடங்கு, நோய்க்குறி மூன்றும் கற்ற அறிஞர். ஊருக்கு ஒதுங்கி வாழும் மந்திரவாதி என்று நினைத்துவிடக் கூடாது. அரசவையில் மதிப்பான பதவி அது. எசர்ஹதோன் என்ற மன்னருக்கு அவருடைய ஆஷிப்புகள் எழுதிய கடிதங்கள் நினிவேயில் கிடைத்திருக்கின்றன. மன்னர் உடம்பு முதல் அரண்மனைச் சடங்குவரை அவற்றில் பேசப்படுகிறது.

சுருக்கமாக: தீமை நடந்து வரும், திறப்புகள் வழியாக நுழையும். காவல் ஆவி என்பது ஒரு குறிப்பிட்ட திறப்பில் நிறுத்தப்பட்ட காவலாளி. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மேலே வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

கடவுளுக்கும் பேய்க்கும் நடுவில்

நமக்குக் குழப்பம் வரும் இடம் இது. பயங்கரமான முகம் என்றால் பேய், சிறகும் கிரீடமும் என்றால் கடவுள் என்று இரண்டே பெட்டிகளில் போட்டுப் பழகிவிட்டோம். அசீரியர் மனதில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய கூட்டம் இருந்தது.

அஷுர் (பழைய தலைநகருக்கும் இதே பெயர்தான்), இஷ்தார், ஷமாஷ் போன்றவர்கள் பெருந்தெய்வங்கள். அவர்களுக்குக் கோயில், பூசை, படையல் எல்லாம் உண்டு. காவல் ஆவிகளுக்குப் பொதுவாக அது கிடையாது. அவை தெய்வத் தன்மை உள்ளவைதான். சிற்பத்தில் தலைப்பாகையைச் சுற்றி வளைந்த கொம்புகள் தெரிந்தால் அது தெய்வத் தன்மையின் அடையாளம். ஆனாலும் அவற்றின் முன் யாரும் மண்டியிட்டு வரம் கேட்கவில்லை. அவற்றுக்கு வேலை கொடுக்கப்பட்டது.

அந்த வேலைக்கு அரைமிருகங்கள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு அருமையான கதை இருக்கிறது. மெசபடோமியாவின் படைப்புக் காவியமான எனூமா எலிஷில், ஆதிக் கடலான தியாமத் தெய்வங்களோடு போருக்கு எழும்போது பதினொரு வகைக் கோர உயிரினங்களை உருவாக்குகிறாள். தேள்மனிதன், மீன்மனிதன், காளைமனிதன், நீண்ட சுருள்முடிக்காரனான லஹ்மு, உகல்லு என்ற சிங்கத்தலைப் பிராணி எல்லாம் அந்தப் படையில் உண்டு. மர்துக் என்ற தெய்வம் அவளை வென்று அந்தப் பதினொன்றையும் கட்டிப் பிடிக்கிறார். பிறகு அவற்றின் உருவங்களைச் செய்து, நிலத்தடி நன்னீருக்கு அதிபதியான தெய்வத்தின் மாளிகை வாசலில், இது மறக்கப்படக் கூடாத அடையாளம் என்று சொல்லி நிறுத்துகிறார். இது பாபிலோனியக் கதை. அசீரியரும் இதைப் படித்தார்கள். மர்துக்கின் இடத்தில் தங்கள் அஷுரை வைத்த பிரதியும் அவர்களிடம் இருந்தது.

தோற்ற அரக்கன் காவலன் ஆகிறான். அவனுடைய பற்களும் நகங்களும் அப்படியேதான் இருக்கின்றன, முகம் மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டது. அரண்மனை வாசலில் சிங்கத் தலையும் பறவைக் காலும் கொண்ட உகல்லு, குறுவாளை ஓங்கியபடி நிற்பதைப் பார்த்து "அசீரியர் பேயை வணங்கினார்கள்" என்று சொல்வது, வீட்டு நாயின் பல்லைப் பார்த்து அந்த வீட்டுக்காரருக்கு நாம் ஆகாதவர்கள் என்று முடிவு கட்டுவது மாதிரி அவசரமானது.

வாசலில் நின்ற சிறகுக் காளை

காவல் ஆவிகளிலேயே எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். தாடியோடு மனித முகம், கொம்பு சுற்றிய உயரமான தொப்பி, கழுகின் சிறகு, காளையின் அல்லது சிங்கத்தின் உடல். இன்று இதை லமாசு என்கிறோம். ஷேது என்ற பெயரும் உண்டு. இன்னும் பழங்காலத்தில், தெற்கு மெசபடோமியாவில், லமா என்பது ஒரு பெண் காவல் தெய்வம். பக்தனின் கையைப் பிடித்துப் பெரிய தெய்வத்தின் முன் அழைத்துப் போகும் தாயைப் போல முத்திரைகளில் அவளைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெயர்தான் பின்னால் இந்தக் கல் காளைக்கு வந்து சேர்ந்தது.

சார்கோன் என்ற மன்னர் (இரண்டாம் சார்கோன், கி.மு. 721–705) தூர்-ஷருகினில் புதிதாக ஒரு தலைநகரையே கட்டினார். அங்கிருந்து கொண்டுபோன ஒரு காளை இன்று சிகாகோவில் இருக்கிறது. எடை சுமார் 40 டன். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருப்பவை நாலு மீட்டருக்கும் மேல் உயரம். இவற்றை எப்படி நகர்த்தினார்கள் என்பதைச் சார்கோனின் மகன் சனகெரிப் நினிவே அரண்மனைச் சுவரிலேயே செதுக்க வைத்திருக்கிறார். மரச் சறுக்கு வண்டியில் பாதி செதுக்கிய காளை படுத்திருக்கிறது. நெம்புகோல் போட்டுக் கிளப்புகிறார்கள். வரிசை வரிசையாகக் கைதிகள் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கிறார்கள். பின்னால் தடியோடு மேற்பார்வையாளர்கள். காவலுக்கு நிற்கும் அந்தச் சாந்தமான முகத்துக்குப் பின்னால் இவ்வளவு வலி இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இப்போது கால்களை எண்ணுங்கள். ஐந்து வரும். சிற்பி தவறு செய்துவிட்டான் என்று சிலர் எழுதுகிறார்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் முன்னங்கால் இரண்டும் சேர்ந்து, அசையாமல் வழிமறித்து நிற்பது தெரியும். பக்கவாட்டில் வந்து பார்த்தால் நாலு கால்களோடு முன்னே நடப்பது தெரியும். இரண்டு காட்சியும் முழுமையாக இருக்க ஐந்தாவது கால் தேவைப்பட்டது. வாசலை நோக்கி வருகிறவன் முன்னால் அது நிற்கிறது. வாசலுக்குள் நுழைந்து போகும்போது அது கூடவே நடக்கிறது. வருவது மனிதனானாலும் சரி, கண்ணுக்குத் தெரியாத வேறு ஏதானாலும் சரி.

கால்களுக்கு நடுவே ஆப்பெழுத்தில் மன்னரின் பெயர், பட்டங்கள், சாதனைகள் செதுக்கப்பட்டிருக்கும். இந்தக் காளைகள் எதற்கு என்பதைத் தன் கல்வெட்டில் எசர்ஹதோன் ஒளிவில்லாமல் சொல்கிறார்: தீயவனின் மார்பைப் பிடித்துத் திருப்பி அனுப்பவும், தங்களைச் செய்த மன்னரின் பாதையைக் காக்கவும்.

எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கோர்சாபாத் காளையின் பீடத்தில் இருக்கிறது. 20 கட்டம் கொண்ட ஒரு பழைய ஆட்டத்துக்கான கோடுகளை யாரோ அங்கே கீறியிருக்கிறார்கள். வாசலில் காவல் நின்ற படைவீரர்கள் பொழுது போகாமல் காய் நகர்த்தி விளையாடியிருக்க வேண்டும். கல் காவலனும் உயிருள்ள காவலனும் ஒரே வாசலில் ஒரே வேலைக்கு நின்றார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வாளியும் கூம்பும்: அப்கல்லு

சரி, "கைப்பை" விஷயத்துக்கு வருவோம்.

இரண்டாம் அஷுர்நசிர்பால் (கி.மு. 883–859) கல்ஹுவில் ஒரு பெரிய அரண்மனை கட்டினார். திறப்பு விழாவுக்கு 69,574 பேருக்குப் பத்து நாள் விருந்து வைத்ததாக அவருடைய கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. அந்த அரண்மனையின் அறைச் சுவர்களில் வரிசையாக நிற்பவர்கள்தான் வாளி பிடித்த அந்தச் சிறகு மனிதர்கள். அவர்கள் பெயர் அப்கல்லு. அப்கல்லு என்றால் பெருவெள்ளத்துக்கு முன்பு மனிதர்களுக்குக் கலைகளையும் அறிவையும் கொடுத்த ஏழு ஞானியரில் ஒருவர்.

அப்கல்லு மூன்று தோற்றத்தில் வருவார். மனித முகமும் சிறகும் கொண்டவர் ஒருவர். கழுகுத் தலையோடு வருபவர் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு முழு மீனின் தோலைத் தலையிலிருந்து போர்வைபோல் போர்த்தியிருப்பார்; மீனின் வாய் அவர் தலைக்கு மேல் திறந்திருக்கும், வால் முதுகுக்குக் கீழே தொங்கும். 19-ஆம் நூற்றாண்டில் அகழ்வாய்வு செய்த ஆங்கிலேயர்கள், கழுகுத் தலைக்காரரை பைபிளில் வரும் நிஸ்ரோக் என்ற தெய்வம் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பழைய பெயர் இன்றும் சில புத்தகங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கையில் என்ன? வீட்டுக் காவல் சடங்கைச் சொல்லும் பலகையிலேயே விடை இருக்கிறது. பறவை முகமும் சிறகும் கொண்ட அப்கல்லுவைக் களிமண்ணில் செய்ய வேண்டும், வலக்கையில் முல்லிலு, இடக்கையில் பந்துத்து இருக்க வேண்டும் என்கிறது. முல்லிலு என்றால் தூய்மைப்படுத்தும் பொருள். கூம்பு வடிவில் இருப்பது அதுதான். பந்துத்து என்றால் வாளி. வாளியில் உள்ள புனித நீரைக் கூம்பால் தொட்டுத் தெளிப்பது, அவ்வளவுதான். நம் கோயில்களில் தீர்த்தம் தெளிப்பதைப் பார்த்த எவருக்கும் இது சட்டென்று பிடிபடும்.

மணிக்கட்டில் இருப்பது பூ பதித்த காப்பு. கூர்ந்து பார்த்தால் பல உருவங்களில் இரண்டு கையிலுமே இருக்கும். மன்னரும் அதே காப்பை அணிந்திருப்பார். அதே பூ அரண்மனை அலங்காரத்தில் வேறு பல இடங்களிலும் வரும். கடிகாரம் என்று சொல்பவர்கள் இந்த ஒரு மணிக்கட்டை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுவதால்தான் அது எடுபடுகிறது. அனுனாக்கி என்பதோ மெசபடோமியப் பெருந்தெய்வங்களின் ஒரு கூட்டத்துக்குப் பெயர். வாளி பிடித்த இவர்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

பல சிற்பங்களில் அப்கல்லுகள் இருவர் ஒரு மரத்தின் இரு பக்கமும் நின்று கூம்பை நீட்டுகிறார்கள். பின்னல் பின்னலாக, இயற்கையில் எங்கும் இல்லாத ஓர் அலங்கார மரம். அது பேரீச்ச மரம், அவர்கள் பெண் பூவில் மகரந்தம் தூவுகிறார்கள் என்று 1890-இல் ஒரு கருத்து வந்தது. அழகான கருத்துதான். ஆனால் அதே கூம்பை அவர்கள் மன்னர் பக்கமும் வாசல் பக்கமும் நீட்டுகிறார்கள். மன்னருக்கும் கதவுக்கும் மகரந்தம் எதற்கு? தூய்மை செய்வது என்று எடுத்துக்கொண்டால் மூன்று இடத்துக்கும் ஒரே பொருள் பொருந்துகிறது. நான் அந்தப் பக்கம்தான்.

இதுவரை பார்த்தது: லமாசு வழிமறித்து நிற்கும். அப்கல்லு இடத்தைத் தூய்மை செய்வார். உகல்லு ஆயுதம் ஓங்கி விரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, அந்த வேலைக்கு ஏற்ற கருவி, நிற்க ஓர் இடம்.

தரைக்கு அடியில் ஒரு படை

அரண்மனைச் சிற்பங்கள் நம் கண்ணைக் கட்டிப்போடுகின்றன. ஆனால் இந்த நம்பிக்கையின் இதயம் தரைக்கு அடியில் இருக்கிறது என்பேன். அஷுர், நிம்ருத், நினிவே மூன்று ஊர்களிலும் அரண்மனைத் தரையைத் தோண்டும்போதும் வீட்டுத் தரையைத் தோண்டும்போதும், செங்கல்லால் கட்டிய சின்னப் பெட்டிகள் கிடைத்தன. உள்ளே ஒரு சாண்கூட உயரமில்லாத களிமண் பொம்மைகள். மீன் போர்த்திய அப்கல்லு, பறவை முக அப்கல்லு, லஹ்மு, காளைமனிதன், உகல்லு. ஏழு ஞானியர் என்பதால் அப்கல்லு பொம்மைகள் பல இடங்களில் ஏழாகவே கிடைத்தன. மேலே சுவரில் இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்பவரேதான் கீழே உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் படுத்திருக்கிறார்.

யாரும் பார்க்க முடியாத இடத்தில் எதற்குப் புதைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடைதான் எல்லாவற்றுக்கும் சாவி. இந்த உருவங்கள் மனிதர் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தீமை எதன் மேல் கால் வைத்து வருமோ அங்கே அவை இருக்க வேண்டும். விருந்தாளிக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன.

ஒரு களிமண் உருண்டை எப்படிக் காவலன் ஆகும்? வெறும் பொம்மை போதாது. மூலப்பொருளிலிருந்தே சடங்கு தொடங்குகிறது. விடியற்காலையில் ஆஷிப்பு களிமண் குழிக்குப் போவார். குழியைத் தூய்மை செய்வார். பொன், வெள்ளி, விலையுயர்ந்த கல் என்று குழிக்குக் காணிக்கை போடுவார். குழியோடு பேசுவார், இந்த மனிதனின் வீட்டைக் காக்க உன்னிடமிருந்து மண் எடுக்கிறேன் என்று சொல்லி மண்ணைக் கிள்ளி எடுப்பார். மனித முக அப்கல்லுகளை மரத்தில் செய்ய வேண்டும். அதற்குக் காட்டில் மரத்தைத் தேர்ந்தெடுத்து, சூரியன் உதிக்கும்போது பொற்கோடரியாலும் வெள்ளி ரம்பத்தாலும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு உருவத்துக்கும் நிறம், உடை, கையில் உள்ள பொருள் எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றின் கைகளில் எழுத்தும் உண்டு: "நலத்தின் காவலனே, உள்ளே வா, தீமையின் காவலனே, வெளியே போ." கடைசியில் மந்திரம் ஓதி, குறித்த இடத்தில் புதைப்பார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஒருவர், வாசற்படியில் ஒருவர், இப்படி.

மரத்தில் செய்தவை மண்ணோடு மண்ணாக மட்கிவிட்டன. களிமண் தங்கியது. பலகையில் சொன்னதும் மண்ணுக்குள் கிடைத்ததும் அங்க அடையாளம்வரை ஒத்துப்போவதுதான் இந்தத் துறையின் பெரிய அதிர்ஷ்டம். அஷுர் நகரில் ஆஷிப்பு குடும்பம் ஒன்று தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டை ஜெர்மானியர் தோண்டியபோது அவர்களுடைய நூலகமே கிடைத்தது, நூற்றுக்கணக்கான பலகைகளோடு. ஊரைக் காத்தவர்கள் தங்கள் வீட்டுத் தரைக்கு அடியிலும் காவலர்களைப் புதைத்து வைத்திருந்தார்கள்.

நாய்களை விட்டுவிட முடியாது. நினிவேயில் அஷுர்பானிபல் மன்னரின் வடக்கு அரண்மனையில் ஒரு வாசலருகே ஐந்து களிமண் நாய்கள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒவ்வொன்றின் உடம்பிலும் அதன் பெயர் எழுதியிருக்கிறது. பெயர்களைக் கேளுங்கள்: "தீமையை வெளியேற்றுபவன்", "பகைவனைப் பிடிப்பவன்", "எதிரியைக் கடிப்பவன்", "அவன் குரைப்பு பெரிது", "யோசிக்காதே, கடி!" பெயர் என்பது இங்கே கூப்பிடுவதற்கு மட்டும் இல்லை. பெயரே அந்த நாய்க்குக் கொடுத்த கட்டளை.

கழிவறைக்கும் ஒரு காவலர் இருந்தார். ஷுலாக் என்ற தீய ஆவி கழிவறையில் பதுங்கியிருந்து தாக்கும், அதனால்தான் பக்கவாதம் வருகிறது என்று மருத்துவப் பலகைகள் சொல்கின்றன. ஆகவே அங்கே உர்மஹ்லுல்லு வேண்டும். அது சிங்க உடலும் அதன் மேல் மனித இடுப்பு, கை, தலையும் கொண்ட உருவம். அஷுர்பானிபலின் அரண்மனையில் குளியலறைப் பக்கச் சுவரில் அது செதுக்கப்பட்டிருக்கிறது. இரவில் தனியாக அங்கே போக பயப்படும் குழந்தையின் பயத்தை ஒரு பேரரசு இவ்வளவு அக்கறையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்த மனிதர்கள் மீது நெருக்கம் வருவது இந்த மாதிரி இடங்களில்தான்.

பசூசு: தீயவனைக் கொண்டு தீயவளை விரட்டுவது

இதுவரை பார்த்தவர்கள் எல்லாம் காவலுக்கென்றே நிற்பவர்கள். பசூசு அப்படி இல்லை. லூவ்ரில் உள்ள சுமார் 15 சென்டிமீட்டர் வெண்கலச் சிலையில் அவனே பேசுகிறான்: நான் பசூசு, ஹன்பியின் மகன், தீய காற்று ஆவிகளுக்கு அரசன். நாயைப் போன்ற முகம், பிதுங்கிய கண்கள், நாலு சிறகு, பறவை நகம், தேள் வால். நல்லவன் என்று யாரும் சொல்லவில்லை, அவனும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவன் தேவைப்பட்டது லமாஷ்துவுக்காக. வானத்தின் அதிபதியான அனுவின் மகள் அவள். சிங்கத் தலைக்காரி. கர்ப்பிணிகளையும் பிரசவித்த தாய்களையும் தேடி வருவாள், பச்சைக் குழந்தைகளைத் தூக்கிப் போவாள். மற்ற பேய்கள் ஏவப்பட்டு வருகின்றன, இவளோ தன் விருப்பத்தில் வருகிறாள். பிரசவத்தில் தாயும் சேயும் சாவது அன்றாடமாக இருந்த காலத்தில் இவள் பெயர் எவ்வளவு பயத்தைக் கிளப்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இவளைத் துரத்த வல்லவன் பசூசுதான். அதனால் அவன் தலையைச் சின்னதாகச் செய்து கர்ப்பிணிகள் கழுத்தில் அணிந்தார்கள், நோயாளியின் அறையில் தொங்கவிட்டார்கள்.

லூவ்ரில் இன்னொரு வெண்கலத் தகடு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் சொன்ன பாதிப் பேர் அதில் ஒன்றாக இருக்கிறார்கள். தகட்டின் மேல் விளிம்பில் பசூசு தலையை நீட்டி எட்டிப் பார்க்கிறான். தகட்டைத் திருப்பினால் அவன் முதுகும் சிறகும் தெரியும். முன்பக்கம் மேலிருந்து கீழாக வரிசைகள். உச்சியில் பெருந்தெய்வங்களின் சின்னங்கள். அடுத்து மிருகத் தலையோடு ஏழு ஆவிகள். அதற்குக் கீழே ஒரு நோயாளி கட்டிலில் படுத்துக் கையை உயர்த்தியிருக்கிறார். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீன் போர்த்திய அப்கல்லுகள். அடியில் ஓர் ஆறு. அதில் படகு, படகில் கழுதை, கழுதை மேல் லமாஷ்து. இரண்டு கையிலும் பாம்பு, மார்பில் பால் குடிக்கும் நாய்க்குட்டியும் பன்றிக்குட்டியும். பின்னாலிருந்து பசூசு விரட்டுகிறான். கரையில் அவளுக்குக் கொடுத்தனுப்பும் சீதனம்: சீப்பு முதலான பொருட்கள். அடித்துத் துரத்துவதோடு நிறுத்தாமல், வழிச்செலவுக்கும் கொடுத்து, போய்ச் சேர் தாயே என்று அனுப்பிவைக்கிறார்கள். படுத்திருக்கும் அந்த ஒரு மனிதனைச் சுற்றி எத்தனை அடுக்குக் காவல்!

மன்னருக்கு மட்டுமா?

கல் காளை வைக்க மன்னரால்தான் முடியும். களிமண் பொம்மையும் பசூசு தலையும் ஓரளவு வசதியுள்ள வீட்டுக்கும் எட்டும். இவை எதுவும் இல்லாதவனுக்கும் ஒரு லமாசு, ஒரு ஷேது உண்டு என்பது நம்பிக்கை. கூடவே நடக்கும் கண்ணுக்குத் தெரியாத துணை அது. ஒருவன் உடல் நலமும் ஊரில் மதிப்புமாக இருந்தால் அவனுடைய லமாசு உடன் இருக்கிறது. எல்லாம் ஒரேயடியாகச் சரிந்தால் அது விட்டுப் போய்விட்டது. பாபிலோனியாவில் எழுதப்பட்டு அசீரியரும் படித்த ஒரு நீண்ட கவிதையில், செல்வாக்கை இழந்து நோயில் விழுந்த ஒருவர், என் நல்ல ஷேது என்னை விட்டுப் பிரிந்தது, என் லமாசு வேறொருவரைத் தேடிப் போனது என்று புலம்புகிறார். அதனால் வாசலில் நிற்கும் மாபெரும் காளையையும் சாமானியனின் தோளருகே வரும் இந்தத் துணையையும் வேறு வேறாக நினைக்க வேண்டாம். ஒன்று நாட்டின் வாசலைக் காக்கிறது, மற்றது ஒரு மனிதனின் நாளைக் காக்கிறது.

நேரில் பார்க்கும்போது

லண்டன், பாரிஸ், சிகாகோ, நியூயார்க், பாக்தாத் அருங்காட்சியகங்களில் இவர்களைப் பார்க்கலாம். அங்கே போக வாய்த்தால், அல்லது இணையத்தில் படம் கண்ணில் பட்டால், "இது யார்?" என்பதற்கு முன் "இது எங்கே நின்றது?" என்று கேளுங்கள். வாசலிலா, அறை மூலையிலா, குளியலறையிலா, தரைக்கு அடியிலா? அருங்காட்சியகத்தில் கற்பலகைகளை வரிசையாகச் சுவரில் மாட்டும்போது தொலைந்துபோவது இதுதான். அப்புறம் கையைப் பாருங்கள்: வாளியா, ஆயுதமா? தலையைப் பாருங்கள்: கொம்பு இருக்கிறதா? கால்களை எண்ணுங்கள்.

இடத்திலேயே நின்றவை பல இப்போது இல்லை. 2015-இல் ஐஎஸ் அமைப்பினர் நினிவேயின் நெர்கல் வாசலில் இருந்த காளைகளை இயந்திரத்தால் சிதைத்தார்கள், நிம்ருதில் அஷுர்நசிர்பாலின் அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனால் 2023 அக்டோபரில் கோர்சாபாதில் ஈராக்கிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் சுமார் 18 டன் எடையுள்ள ஒரு லமாசுவின் உடலை மண்ணிலிருந்து மீண்டும் வெளிக்கொண்டு வந்தார்கள். 1990-களில் அதன் தலையை வெட்டியெடுத்துக் கடத்தப் பார்த்தார்கள். பிடிபட்டதால் அந்தத் தலை இன்று பாக்தாதில் உள்ள ஈராக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடல் சார்கோன் நிறுத்திய அதே நகர வாசலில் இருக்கிறது.